கடைசியாக வந்த தேதி

இன்னும் அரை பாட்டில் தண்ணீர் இருக்கிறது. இதையும் குடித்தால் எழுந்து நடக்க முடியாது என்று தெரிந்தே குடிக்கிறேன். "யூரின் நல்லா முட்டிக்கிட்டு வரணுங்க்கா, அப்பத்தான் கர்ப்பப்பை தெளிவாத் தெரியும், வந்ததும் எங்கிட்டச் சொல்லுங்க" என்று ஸ்கேன் சென்டர் மேஜைக்குப் பின்னால் இருக்கிற பெண் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிறது. முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சொல்லத்தான் இல்லை. சொன்னால் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் அந்த ஃபாரம் எனக்கு முன்னால் உள்ளே போய்விடும். அதில் பெயர் கலாமணி, வயது ஐம்பத்திரண்டு, அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்று ஒரு கட்டம், அதில் நாலாம் தேதி என்று எழுதியிருக்கிறது. நான் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி சொல்லிவிட்டாள். தேன்மொழி என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீடு, என் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "நாலாந்தேதிங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, அன்னிக்குக் கிருத்திகை, சாயங்காலம் அண்ணி வெளக்கேத்தல, நாந்தான் முட்டி வலியோட வந்து ஏத்துனேன்" என்றாள். மாதா மாதம் சரியாக வருகிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். "கடியாரந்தாங்க. இந்த மாசந்தான் பதினஞ்சாந்தேதி மறுக்காவும் வந்துருச்சு. அதைப் பாக்கத்தான வந்துருக்கோம்." அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பேனா நீல மை. நான் தலையை ஆட்டினேனா என்று யோசிக்கிறேன். ஆட்டியிருப்பேன். ஆட்டித்தான் பழக்கம். எதிர்ச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. தேன்மொழி என் விலாவில் இடித்து, "பாத்தீங்களாண்ணி, நீங்க கெஞ்சிக் கேட்டாலும் சொல்ல மாட்டாங்களாம்" என்று சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்தால் அடிவயிறு கேட்காது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நாலாம் தேதி எதுவும் வரவில்லை. அதற்கு முந்தைய நாலாம் தேதியும் வரவில்லை. பதினாறு மாதம் ஒரு துளிகூட இல்லாமல் இருந்தது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, மனசுக்குள்ளே சொல்லிப் பார்க்கும்போதுகூடப் பதினாறு என்கிற இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது. பொய் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. எங்கள் வீட்டில் சாமி அலமாரி சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த மூன்று நாளும், காலையில் விளக்கேற்றி முடிகிறவரை, நான் அந்த அறைக்குள் போவதில்லை. இது மாமியார் வைத்த சட்டம். அவர் போய்ப் பத்து வருடமாகிவிட்டது, சட்டம் மட்டும் தங்கிவிட்டது. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர்தான் எழுந்து, குளித்து, விளக்கேற்றி, அப்படியே அடுப்பையும் பற்றவைத்து, டீ போட்டுக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைப்பார். தறி ஃபிட்டருக்கு இரும்பெல்லாம் பழகிய கை, ஆனாலும் டம்ளர் சூடு தாங்காது, துண்டால் பிடித்துக்கொண்டு வருவார். சர்க்கரை அதிகம். "வெச்சிருக்கறேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மாதத்தில் மூன்று நாள். மற்ற இருபத்தேழு நாளும் அந்த மனிதர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்பார். முதல்முதலாக நின்றபோது எனக்கு நின்றது என்றே தெரியாது. அதற்கு முன்னாலேயே ஒன்றரை வருடம் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது, ஒருமுறை நாற்பது நாள், ஒருமுறை இருபது, ஒருமுறை குழாயைத் திறந்துவிட்ட மாதிரி எட்டு நாள். அன்றைக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க வேர்த்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்டி, விடிகிற நேரத்தில்தான் கண் மூடியிருந்தேன். அவர் எழுந்து பார்த்துவிட்டு, "வந்துருச்சா?" என்றார். நான் "ம்" என்றேன். அந்த "ம்" தான். டீ வந்தது. மூன்று நாள் வந்தது. அடுத்த மாதம் அதே தேதிக்கு நானாகவே எழுந்திருக்கவில்லை. அப்புறம் அது நாலாம் தேதி என்று நிலைத்துவிட்டது. நிஜமாக வந்துகொண்டிருந்த காலத்தில் அது எனக்கு ஒருநாளும் சொன்னபடி வந்ததில்லை. பொய்தான் கடியாரம் மாதிரி வந்தது. எந்தப் பெண்ணுக்கும் இங்கிலீஷ் மாதத் தேதியைப் பார்த்து வருவதில்லை, மாதத்துக்கு மாதம் ஒன்றிரண்டு நாளாவது தள்ளும், இது தேன்மொழிக்குக்கூடத் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயது அவளுக்கு, இரண்டு பிள்ளை பெற்றவள். ஒரு நாள் யாராவது கண்டுபிடித்துக் கேட்பார்கள் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததில் முதலில் நிம்மதி, போகப்போக வேறு என்னவோ.

"இன்னும் வரலியாங்கண்ணி?" என்று தேன்மொழி கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறேன். பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண், ஏழு மாதம் இருக்கும், வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு முறுக்கு தின்கிறாள். அந்த முறுக்குச் சத்தம் எனக்கு நேராக அடிவயிற்றில் கேட்கிறது. கால்மேல் கால் போட்டுப் பார்க்கிறேன், அது இன்னும் மோசம். எழுந்து நின்றால் பரவாயில்லை, நின்றால் மேஜைக்காரப் பெண் பார்த்துவிடுவாள். நான் வேலை செய்கிற இடத்தில் நின்றுகொண்டேதான் வேலை. பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனி, செக்கிங் பிரிவு, பத்தொன்பது வருடம். அடியில் டியூப் லைட் போட்ட கண்ணாடி மேஜை, அதன்மேல் துணியை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறை, இழை அறுந்தது, சாயம் பிடிக்காதது, எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கடுகளவு கறையை நான் மூன்றடி தள்ளியே பார்ப்பேன், சூப்பர்வைசர் புதிதாக வருகிற பிள்ளைகளை என் மேஜைக்குத்தான் அனுப்புவார். அந்த மேஜையில்தான் எனக்கு முதன்முதலில் அந்தச் சூடு வந்தது. நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் கிளம்பும். இட்லிச் சட்டி மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி, ஆனால் உள்ளேயிருந்து. கழுத்து, காது, மண்டை. வேர்வை மூக்கு நுனியிலிருந்து துணிமேல் சொட்டிவிட்டால் அதுவே ஒரு கறை, நானே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பாத்ரூமுக்குப் போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதவள் மாதிரி வருவேன். அப்புறம் குளிரும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. கூடவே மறதி, கையில் கத்தரியை வைத்துக்கொண்டே கத்தரியைத் தேடியிருக்கிறேன். விரல் மூட்டெல்லாம் காலையில் மடங்காது. கோபம், அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்று அவர் சொன்னதற்குச் சட்டியோடு கொண்டுபோய் வாசலில் ஊற்றினேன், ஊற்றிவிட்டு அழுதேன், உப்பு நிஜமாகவே போடவில்லை. ராத்திரி அவர் கை மேலே பட்டால் எரிச்சல், எரிச்சல் என்றால் மனசில் மட்டும் இல்லை, உடம்பு வறண்டு போய் வலித்தது, அதை எந்த வார்த்தையால் சொல்வது, திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவரும் ஒன்றும் கேட்காமல் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றுதான் நினைத்தேன். போன வருடம் கம்பெனியில் ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்து பேச வைத்தார்கள். பேக்கிங் ஹாலில் தரையில் உட்காரவைத்து, கையில் மைக்கைக்கூட வாங்காமல் பேசினார். பிறக்கும்போதே இத்தனை கருமுட்டை என்று எடுத்துக்கொண்டு வருகிறோம், நாற்பத்தைந்து ஐம்பதுக்கு மேல் அது தீர்ந்துபோகிறது, அது தீரத் தீர அதோடு சுரந்துகொண்டிருந்த ஒன்று குறைகிறது, அது குறைந்ததும் உடம்பு தன் சூட்டைத் தானே சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் தடுமாறுகிறது, அவ்வளவுதான், இது நோயில்லை, பைத்தியமுமில்லை என்றார். எலும்புக்குக் கால்சியம் சேர வேண்டும், நடங்கள், தாங்க முடியாவிட்டால் மாத்திரை இருக்கிறது, எல்லோருக்கும் கொடுக்க முடியாது, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துத்தான் கொடுப்போம், வறட்சிக்குத் தடவுகிற மருந்து இருக்கிறது, "எதுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறீங்க, வந்து கேளுங்க" என்றார். பிள்ளைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கேட்கப் போகவில்லை. என் மேஜையில் இருந்தவர்களில் யாரும் போகவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், எல்லோரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சத்தமாக, கையை உயர்த்திச் சொன்னார். அது இப்போது வேண்டாம்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி பாத்ரூமில்தான் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு. பழைய ரத்தம் இல்லை, நல்ல சிவப்பு. என் முதல் நினைப்பு பயம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. சந்தோஷம். வயிற்றிலிருந்து ஏதோ லேசாகிற மாதிரி. பொய் மெய்யாகிவிட்டது, சாமி கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, நான் கிழவி இல்லை, எனக்கு இன்னும் இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மருந்துக்கடையில் நாப்கின் கேட்டேன். பதினாறு மாதமாக மாதம் ஒரு பாக்கெட் வாங்கி, தேன்மொழி கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைத்து, அப்புறம் வேலைக்கு எடுத்துப்போய் மேஜைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு எனக்காக வாங்கினேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், வேண்டாம் அப்படியே கொடுங்கள் என்று சொல்லலாமா என்று இருந்தது. வீடு வருகிறவரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. செருப்பைக் கழற்றும்போது மரகதம் ஞாபகம் வந்தாள். மரகதத்தை நான் நினைப்பதில்லை. நினைப்பு அந்தப் பக்கம் திரும்பினால் ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங், ஓசூரில் இருக்கிற பையனுக்கு ஜாதகம் என்று எதையாவது குறுக்கே போடுவேன். மரகதம் என் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் எல்லோரையும் கிட்டே கூப்பிட்டு, "ஏய், எனக்குத் திரும்பவும் வந்துருச்சுடி" என்றாள். நின்று இரண்டு வருடமாகியிருந்தது அவளுக்கு. ராசாத்தி என்று ஒருத்தி, "அப்ப மறுக்காவும் சீர் பண்ணோணும், தாய்மாமனுக்குச் சொல்லியனுப்புங்கடி" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டு போண்டா வாங்கித் தரச் சொன்னோம். ஆறு பேருக்கு ஆறு போண்டா, மரகதமே போய்த் தேங்காய்ச் சட்னியோடு வாங்கிவந்தாள். எட்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனாள், அதுவும் இடுப்பு வலிக்கு. கர்ப்பப்பைக்குள் இருந்து வெளியே பரவிவிட்டது என்றார்கள். முதல் துளிக்கே வந்திருந்தால் எடுத்துவிட்டு இன்னும் இருபது வருடம் இருந்திருக்கலாம் என்று டாக்டர் அவள் மகளிடம் சொன்னாராம். மகள் அதை எங்களிடம் சொன்னாள். போண்டா தின்ற ஆறு பேரும் ஒரே ஆட்டோவில் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். அதற்கப்புறம்தான் கம்பெனிக்கு அந்த டாக்டரம்மா வந்தார். கையை உயர்த்திச் சொன்னது இதுதான்: ஒரு வருடம் முழுசாக நின்றபிறகு ஒரு சொட்டு வந்தாலும் சரி, அது மாதவிலக்கு இல்லை, வேறு என்னவென்று பார்க்க வேண்டும், மறுநாளே வாருங்கள். மறுநாளே. நான் இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறேன். நானாகவும் வரவில்லை. பதினைந்தாம் தேதி கொஞ்சம் அதிகமாகப் போய்ச் சேலையில் பட்டுவிட்டது, தேன்மொழி பார்த்துவிட்டாள், நாலாம் தேதிதானே விளக்கேற்றவில்லை, பதினொரு நாளில் மறுபடியுமா என்று கேட்டாள். தெரு முனையில் இருக்கிற டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஆண், அவரும் தேன்மொழியிடமே கேட்டு, ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நாலாம் தேதிப் பொய் இல்லாவிட்டால் தேன்மொழி திகைத்திருக்க மாட்டாள், நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அதே பொய்தான் இப்போது ஃபாரத்தில் நீல மையில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேயே வந்து நிற்கிறேன். சொல்லாமல் போனால் என்ன, ஸ்கேனில் எல்லாம் தெரியாதா, மெஷினுக்குத் தெரியாததா. தெரிந்துவிடும். அதுவே கண்டுபிடித்துச் சொல்லட்டும். நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

"அண்ணி, மொகமே சரியில்ல. வந்துருச்சுல்ல?" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திருக்காமல் தேன்மொழி மேஜைப் பக்கம் கையை ஆட்டுகிறாள். "இவங்களுக்கு முட்டிருச்சுங்க!" அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் என் மூத்திரப்பை நிறைந்தது தெரிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நடக்கிறேன், ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறேன். அறைக்குள் பாதி இருட்டு. டாக்டர் சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் டைப் செய்கிற பெண் ஒருத்தி. தேன்மொழி என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வருகிறாள். வெளியே இரு என்று சொல்லியிருக்கலாம். படுத்துக்கொள்கிறேன். வயிற்றில் அந்த ஜெல்லின் சில்லிப்பு, அதன்மேல் கருவியை வைத்து அழுத்தும்போது உயிர் போகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா" என்கிறார் டாக்டர். திரையில் சாம்பல் நிறத்தில் மழைக்கால வானம் மாதிரி ஏதோ நகர்கிறது. அதில் எது நான் என்று தெரியவில்லை. டாக்டர் ஃபாரத்தைப் பார்க்கிறார். "எல்எம்பி நாலாந்தேதி. மாசா மாசம் கரெக்டா வருதாம்மா?" "வருதுங்க டாக்டர்" என்கிறாள் தேன்மொழி. அவர் திரும்பாமலேயே இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டச்சு செய்கிறாள். யூட்டரஸ் நார்மல் சைஸ். எண்டோமெட்ரியம் லெவன் எம்எம். நார்மல். ஓவரி, அதற்கும் நார்மல். அந்த ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரியும். "ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லம்மா. நிக்கறதுக்கு முன்னாடி இந்த வயசுல இப்படி முன்னப் பின்ன ஆகும்." "நாஞ் சொன்னேன்ல!" என்கிறாள் தேன்மொழி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கை தளர்கிறது. அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள். டிஷ்யூவை என் கையில் வைக்கிறார்கள். மெஷின் கண்டுபிடிக்கவில்லை. வயிற்றைத் துடைக்கிறேன். துடைத்துவிட்டு எழுந்தால் முடிந்துவிடும், பாத்ரூம், ஆட்டோ, வீடு, அடுத்த நாலாம் தேதி. நார்மல் என்று கவரில் போட்டுக் கொடுப்பார்கள், அதை அவரிடம் காட்டுவேன், மரகதத்தை மறுபடியும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடுகிற நாளில் சில சமயம் சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார், அந்த மங்கல் வெளிச்சத்தில் எல்லாத் துணியும் சுத்தமாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்த பீஸுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை, பத்தொன்பது வருடத்தில் ஒன்றுக்குக்கூடப் போட்டதில்லை, அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். டிஷ்யூ ஈரமாகி உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல ஒரு இடம் இருக்காது. தேன்மொழி என் செருப்பைக் காலால் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திவைக்கிறாள்.

"அந்தத் தேதி தப்புங்க" என்கிறேன். டாக்டர் அடுத்த ஃபாரத்தை எடுத்துவிட்டார். "எந்தத் தேதி?" "நாலாந்தேதி. அன்னிக்கு ஒண்ணும் வரலீங்க." தேன்மொழி, "அண்ணி, கிருத்திகை அன்னிக்குத்தானே" என்று ஆரம்பிக்கிறாள். நான் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறேன், அதில் இப்போது ஒன்றும் இல்லை, கறுப்பு. "எனக்கு நின்னு போச்சுங்க. பதினாறு மாசம் ஒண்ணுமே இல்ல. இப்ப ரெண்டு மாசமாத்தான் அப்பப்பப் படுது." அறையில் தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்கிறார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. "எத்தனை தடவை பட்டிருக்கு? என்ன கலர்? வலி இருந்துச்சா? ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று வரிசையாகக் கேட்கிறார், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி தெளிவாகக் கேட்கிறது. "சொன்னது நல்லதும்மா" என்றார். "மாசா மாசம் வர்றவங்களுக்கு உள்சுவர் இந்த கனம் இருந்தா நான் ஒண்ணும் எழுத மாட்டேன். நின்னு போனவங்களுக்கு நாலு எம்எம்முக்கு மேல போனாலே எழுதணும். உங்களுக்குப் பதினொண்ணு இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இப்படி வர்றவங்க பத்துப் பேர்ல ஒம்பது பேருக்குச் சாதாரணக் காரணமாத்தான் இருக்கும். சின்ன சதை வளர்ந்திருக்கலாம், உள்சுவர் வறண்டு புண்ணாகியிருக்கலாம், தடிச்சிருக்கலாம். அந்த ஒருத்தர் நீங்களான்னு தெரியறதுக்குத் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். நாளைக்கே கர்ப்பப்பை பாக்கற லேடி டாக்டரைப் பாருங்க. அந்த ஒருத்தரா இருந்தாக்கூட, ஆரம்பத்துல வந்தா குணப்படுத்திரலாம்." நான் கேட்டேன், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா என்று. என் அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று கடைசிவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது. "தெரியாம எதையும் எடுக்க மாட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க. நீங்க கேட்டாச் சொல்லித்தான் ஆகணும்." அப்புறம், "வேர்க்குதா? தூக்கம் வருதா?" என்றார். வேர்க்கிறது, தூக்கம் வரவில்லை என்றேன். "அதையும் அவங்ககிட்டச் சொல்லுங்க. அதுக்கும் வழி இருக்கு. முதல்ல இதைப் பாத்துட்டு அதுக்கு வருவாங்க. இப்பப் பாத்ரூம் போயிட்டு வாங்க, உள்பக்கமா இன்னொரு தடவை பாத்துரலாம்." கட்டிலை விட்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பாத்ரூமில் உட்கார்ந்து இருந்தேன், நின்றபாடில்லை, ஒன்றரை லிட்டர், அதோடு கண்ணிலிருந்தும் வந்தது, எது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை முதலில் நின்றது.

இரண்டாவது தடவையும் முடிந்து ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறோம், ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பை இன்னும் தேன்மொழி தோளில்தான் இருக்கிறது. விரல்விட்டு எதையோ எண்ணுகிறாள், ஒரு கை முடிந்து அடுத்த கை போகிறாள். "பதினெட்டு தடவை" என்கிறாள் கடைசியில். ம் என்கிறேன். "அதுல மூணு கிருத்திகை. நாங் காலை இழுத்துக்கிட்டு வந்து ஏத்துனேன்." ம். "சாமிக்கே அல்வா குடுத்துருக்கறீங்க." "அண்ணனுக்குத் தெரியுமா?" தெரியாது என்கிறேன். "எதுக்குங்கண்ணி?" அவள் கேட்ட விதத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கேன்சர் என்கிற வார்த்தையை நான் இந்த ஹாலில் சத்தமாகச் சொல்லிவிடுவேன், ஒரு டம்ளர் டீக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான்" என்றேன். "சும்மாவா!" என்றாள். அப்புறம் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், என் சேலையில் ஒட்டியிருந்த ஜெல்லைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள், அது போன பிறகும் துடைத்தாள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, என் பக்கம் நீட்டினாள். "அண்ணன். நீங்களே பேசிக்கங்க. நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன்." வாங்கினேன். பின்னால் தறிச் சத்தம். அவர் கத்தினார், "என்ன சொன்னாங்க?" "நாளைக்கு லீவு போடுங்க. பெரிய டாக்டர்கிட்டப் போகோணும்." "ஏன், என்ன?" "எனக்கு நின்னு ஒன்றரை வருசம் ஆச்சுங்க. மாசா மாசம் நான் சொன்னது பொய்யி. இப்ப வர்றது அது இல்ல, என்னன்னு பாக்கோணுமாம்." தறிச் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காகக் கத்திச் சொன்னேன், சொல்லி முடித்தபோது முறுக்குத் தின்ற பெண்ணும் அவள் அம்மாவும் மேஜைக்காரப் பெண்ணும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, வெளியே நடக்கிறார் போல. "எப்ப இருந்து வருது இது?" என்றார், இப்போது கத்தாமல். "ரெண்டு மாசமா." "நீ அங்கியே இரு. நான் வர்றேன்." நாளைக்குத்தான் போக வேண்டும், இப்போது எதற்கு என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். போனைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை, எழுந்து போய் ரிப்போர்ட்டை வாங்கிவந்தாள், பெரிய வெள்ளைக் கவர், என் மடியில் வைத்துவிட்டு, லேடி டாக்டருக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு டோக்கன் கிடைக்கும் என்று மேஜையில் விசாரிக்கத் திரும்பிப் போனாள். ஒம்பது பேர், ஒருத்தர். ஒம்பது பேர், ஒருத்தர். உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ணிப் பார்க்கிறேன், பதினொரு பேர் இருக்கிறார்கள், பத்துக்கு யாரை விடுவது என்று தெரியவில்லை. அப்போது நெஞ்சுக்குக் கீழே அந்த இடத்தில் சூடு கிளம்புகிறது. கழுத்துக்கு ஏறுகிறது, காதுக்கு. எழுந்து பாத்ரூம் பக்கம் போகக் கால் தானாகத் தரையில் ஊன்றுகிறது. கர்ப்பிணிப் பெண் முறுக்குப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் அம்மா டிவியைப் பார்க்கிறாள். நான் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த கவரை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேராக விசிறிக்கொள்கிறேன்.